மறுமொழிக்கும் வழி வேண்டும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நடந்துகொண்டிருந்த வேலை ஒன்று திடீரென நின்றுவிட்டால், எங்கே நின்றது, ஏன் நின்றது என்று தேடிக் கண்டறிவது தனி அறிவு. மருத்துவருக்கும் உழவருக்கும் பொறியாளருக்கும் அது பொதுவானது. கணினி வலையமைப்பில் அவ்வறிவு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை, குற்றாலத்தை அடுத்த ஊரில் ஒரு பள்ளி இருப்பதாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஒரே நீர், ஐந்து கிளைகள்

குற்றாலத்து ஐந்தருவியைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மேலிருந்து வருவது ஒரே நீரோட்டம்தான். பாறையின் அமைப்பு அதனை ஐந்து கிளைகளாகப் பிரித்து விழச் செய்கிறது. ஆண்களும் பெண்களும் அங்கே தனித்தனிப் பிரிவுகளில் நீராடுகிறார்கள். ஒரு பிரிவில் இருப்பவர் மறுபிரிவில் இருப்பவரைக் காண வேண்டுமாயின் வெளியே வந்து உரிய வழியாகத்தான் செல்ல வேண்டும்.

இன்றைய கணினி வலையமைப்புகள் பலவும் இவ்வாறே அமைகின்றன. ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ உள்ள கணினிகள் கம்பிகளால் ‘சுவிட்ச்’ என்னும் கருவியில் இணைக்கப்படுகின்றன. ஒரு கணினி மற்றொன்றைத் தேடும்போது, ‘இந்த முகவரிக்கு உரியது எது?’ என வலையமைப்பு முழுவதற்கும் அறிவிக்கிறது. கணினிகள் சிலவாக இருக்கும்வரை இதனால் இடையூறு இல்லை. அவை நூற்றுக்கணக்கில் பெருகினால் இத்தகைய அறிவிப்புகளே வலையமைப்பிற்குச் சுமையாகிவிடும். மேலும், மாணவர்களின் மதிப்பெண்களையும் சான்றிதழ்களையும் காக்கும் அலுவலகக் கணினியும், எல்லாரும் பழகும் ஆய்வகக் கணினியும் ஒரே வலையில் இருப்பது பாதுகாப்பன்று.

பிரிவுதோறும் தனிக் கருவியும் தனிக் கம்பியும் அமைப்பது செலவு மிக்கது. எனவே, கருவி ஒன்றாகவே இருக்க, அதனுள்ளே எண்களைக் கொண்டு பிரிவுகளை வகுக்கும் முறை தோன்றியது. இவ்வாறு வகுக்கப்பட்ட ஒவ்வொரு பிரிவும் ‘மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு’ எனப்படும். தொழில்நுட்பர் இதனைச் சுருக்கமாக ‘வி-லேன்’ என்பர். கண்ணுக்குத் தெரியும் கம்பிகளில் இப்பிரிவினை இல்லை. கருவியில் எழுதப்பட்ட விதிகளில் உள்ளது. மெய்போல் நிகழ்வதால் அது மெய்நிகர்.

தெரிந்து தெளிவோம்

மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு என்னும் கருத்து 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் சின்கோஸ்கி என்பவரால் உருவாக்கப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று இணங்கிச் செயல்படுவதற்குரிய 802.1கியூ என்னும் தர விதி 1998இல் வெளியிடப்பட்டது. இவ்விதிப்படி, செல்லும் தகவலுடன் 12 பிட் அளவுள்ள ஓர் அடையாள எண் சேர்க்கப்படுகிறது. 12 பிட்டுகளால் 4096 எண்களைக் குறிக்கலாம். அவற்றுள் முதல் எண்ணும் இறுதி எண்ணும் ஒதுக்கப்பட்டுவிட்டமையால் 4094 பிரிவுகளை வகுக்க முடியும்.

பிரித்தபின் இணைப்பது எப்படி?

நாம் எடுத்துக்கொண்ட பள்ளியில் மூன்று பிரிவுகள் உள்ளன எனக் கொள்வோம். அலுவலகத்திற்கு 10, ஆய்வகத்திற்கு 20, நூலகத்திற்கு 30 என எண்கள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முகவரித் தொகுதி உண்டு. அலுவலகக் கணினிகளின் முகவரிகள் 192.168.10 என்றும், ஆய்வகக் கணினிகளின் முகவரிகள் 192.168.20 என்றும், நூலகக் கணினிகளின் முகவரிகள் 192.168.30 என்றும் தொடங்கும். இவற்றில் முன்னுள்ள மூன்று எண்கள் தெருப்பெயர் போன்றவை. இறுதி எண் கதவெண் போன்றது. முகவரியில் தெரு எதுவரை, கதவெண் எதுமுதல் என்று வரையறுக்கும் அளவு ‘சப்நெட் மாஸ்க்’ எனப்படும்.

ஒரே தெருவில் உள்ள கணினிகள் தமக்குள் நேரே பேசிக்கொள்ளும். வேறு தெருவில் உள்ள கணினியுடன் பேச வேண்டுமானால் ‘திசைவி’ என்னும் கருவியின் துணை வேண்டும். திசைவிக்கு ஒவ்வொரு தெருவிலும் ஒரு வாயில் உண்டு. ஆய்வகத்தின் வாயில் 192.168.20.1, அலுவலகத்தின் வாயில் 192.168.10.1, நூலகத்தின் வாயில் 192.168.30.1.

ஆய்வகக் கணினி, அலுவலகத்தில் உள்ள 192.168.10.25 என்னும் கணினியிடம் ஒரு கோப்பைக் கேட்கிறது. அம்முகவரி தன் தெருவைச் சேர்ந்ததன்று என்பதை அது முதலில் உணர்கிறது. உடனே, தகவல் பொதியைத் தன் வாயிலில் ஒப்படைக்கிறது. திசைவி தன்னிடம் உள்ள வழித்தட அட்டவணையைப் பார்க்கிறது. 10ஆம் பிரிவுக்குரிய வாயில் வழியாகப் பொதியை அனுப்புகிறது. அலுவலகக் கணினி கோப்பை மறுமொழியாக அனுப்பும்போதும் இதே முறை நிகழ வேண்டும். அது தன் வாயிலில் ஒப்படைக்க, திசைவி அதனை ஆய்வகத்திற்குக் கொண்டு சேர்க்கும்.

சுவிட்சுக்கும் திசைவிக்கும் இடையே உள்ள கம்பி ஒன்றுதான். மூன்று பிரிவுகளின் பொதிகளும் தத்தம் அடையாள எண்ணைத் தாங்கி அக்கம்பி வழியே செல்கின்றன. பல பிரிவுகளையும் சுமந்து செல்லும் இவ்விணைப்பு ‘டிரங்க்’ எனப்படும். எந்தெந்தப் பிரிவுகள் அதன் வழியே செல்லலாம் என்ற பட்டியல் சுவிட்சில் எழுதப்பட்டிருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள்

குற்றாலத்துச் சாரல் ஓய்ந்து ஐப்பசி அடைமழை தொடங்கிய நேரம். முந்தின நாள் மாலை விழுந்த இடியால் பள்ளியின் சுவிட்சும் திசைவியும் பழுதடைந்தன. மறுநாள் முற்பகலில் புதிய கருவிகள் பொருத்தப்பட்டன. அலுவலகத்திலும் நூலகத்திலும் கணினிகள் முன்போல் இயங்கின. ஆய்வகத்தில் மட்டும் எதுவும் திறக்கவில்லை.

அந்நாள், கல்வி உதவித்தொகைக்கு இணையவழியில் விண்ணப்பிக்க இறுதி நாள். தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் தொழிலால் வாழும் குடும்பங்கள் பல. அத்தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு உதவித்தொகை வழங்குகிறது. ஆய்வகத்தில் அமர்ந்திருந்த மாணவர்கள் சிலருக்கு அதுவே அடுத்த ஆண்டின் கல்விச் செலவு. விண்ணப்பத்தை ஆய்வகத்தில் நிரப்ப வேண்டும். அதனுடன் இணைக்க வேண்டிய தாயின் தொழிலாளர் அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், மதிப்பெண் சான்று ஆகியவற்றின் படிகள் அலுவலகத்தில் உள்ள 192.168.10.25 என்னும் கணினியில் இருந்தன. மணி மூன்றாகிவிட்டது.

ஆளுக்கொரு யோசனை எழுந்தது. ‘கம்பிகளை எல்லாம் மாற்றிப் பார்க்கலாம்’ என்றார் ஒருவர். ‘எல்லாவற்றையும் அணைத்துப் போடலாம்’ என்றார் மற்றொருவர். ‘பிரிவே வேண்டாம்; ஆய்வகத்தையும் அலுவலகப் பிரிவிலேயே சேர்த்துவிடுங்கள்’ என்றார் இன்னொருவர்.

மூன்றாவது யோசனை உடனே பலன் தரக்கூடியது. கணினி ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. “கதவு திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடிக்கலாமா? இன்றைக்கு இடித்த சுவரை நாளைக்கு யாரும் கட்டப் போவதில்லை. பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் அந்தச் சுவருக்கு அப்பால்தான் இருக்கின்றன” என்றார். பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவரை உடனழைத்துக்கொண்டு தேடுதலைத் தொடங்கினார்.

முதற்கேள்வி: பழுதின் எல்லை எது?

எதையும் தொடுவதற்கு முன் ஆசிரியர் வினாக்களை எழுப்பினார். ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மட்டும் இக்குறையா, எல்லாவற்றிற்குமா? எல்லாவற்றிற்கும். அலுவலகத்தில் இணையம் வருகிறதா? வருகிறது. நூலகத்தில்? வருகிறது.

இம்மூன்று விடைகளிலிருந்தே பல காரணங்கள் விலகிவிட்டன. கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பழுதாக வாய்ப்பில்லை. திசைவி உயிரோடிருக்கிறது. சுவிட்சிலிருந்து திசைவிக்குச் செல்லும் கம்பியும் நலமாக உள்ளது. அலுவலகத்தின் பொதிகளும் நூலகத்தின் பொதிகளும் அவ்வழியேதானே செல்கின்றன! கம்பியை மாற்றியிருந்தால் நேரம் வீணாகியிருக்கும். எனவே, குறை 20 என்னும் எண்ணுக்கே உரியது என்பது தெளிவாயிற்று.

அருகிலிருந்து தொலைவுக்கு

சிற்றாற்றுக் கால்வாயின் கடைமடையில் நிலம் உள்ள உழவர், வயலுக்கு நீர் வரவில்லை என்றால் உடனே அணைக்கட்டுக்கு ஓடுவதில்லை. தம் வயலின் வாய்மடையிலிருந்து கால்வாய்க் கரையோடு மேல்நோக்கி நடப்பார். நீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பார். நீர் நிற்கும் இடத்திற்கும் நில்லாத இடத்திற்கும் இடையேதான் அடைப்பு இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வலையமைப்பிலும் தேடுதல் அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குச் செல்ல வேண்டும்.

ஆய்வகக் கணினி ஒன்றின் முகவரியை மாணவர் பார்த்தார். 192.168.20 எனத் தொடங்க வேண்டிய முகவரி 169.254 எனத் தொடங்கியது. இது பயனுள்ள அறிகுறி. கணினி இயங்கத் தொடங்கியதும், தனக்கு முகவரி தருமாறு வலையமைப்பைக் கேட்கிறது. இப்பள்ளியில் முகவரி வழங்கும் பணியைத் திசைவியே செய்கிறது. கேட்டும் விடை கிடைக்காதபோது, கணினி 169.254 எனத் தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். ஆகவே, ஆய்வகத்தின் குரல் திசைவியை எட்டவே இல்லை.

ஆய்வகத்திற்கும் திசைவிக்கும் இடையே இருப்பது சுவிட்ச் மட்டுமே. அங்குப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஆய்வகக் கம்பிகள் செருகப்பட்ட முனைகள் 20ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளனவா? ஆம். டிரங்க் இணைப்பின் பட்டியலில் 20 உள்ளதா? இல்லை. 10, 30 என்னும் எண்கள் மட்டுமே அதில் இருந்தன. புதிய கருவியில் பட்டியலை எழுதியபோது ஓர் எண் விடுபட்டுவிட்டது.

20 சேர்க்கப்பட்டது. ஆய்வகக் கணினிகள் உரிய முகவரிகளைப் பெற்றன. இணையம் வந்தது, விண்ணப்பப் பக்கம் திறந்தது. மாணவர்கள் மகிழ்ந்தனர். ஆனால், சான்றிதழ்கள் உள்ள கணினி மட்டும் இன்னும் திறக்கவில்லை. மணி மூன்றரை.

தெரிந்து தெளிவோம்

‘பிங்’ என்பது ஒரு கணினியை அழைத்து, அது மறுமொழி தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல். இதனை மைக் மூஸ் என்பவர் 1983இல் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பும் ஓசையைக் கொண்டு பொருள்களைக் கண்டறிகின்றன. அவ்வோசையின் பெயரையே தம் நிரலுக்கு அவர் இட்டார். ஒரு பொதி எந்தெந்தத் திசைவிகளைக் கடந்து செல்கிறது என்று வரிசையாகக் காட்டும் ‘டிரேஸ்ரூட்’ என்னும் நிரலை வான் ஜேக்கப்சன் 1987இல் உருவாக்கினார்.

போகும் வழி இருந்தது

“ஐயா, இப்போது எங்கிருந்து தொடங்குவது?” என்று மாணவர் கேட்டார்.

“மறுபடியும் வாயிலிலிருந்துதான். முதல் குறையைத் தீர்த்துவிட்டோம் என்பதற்காக இரண்டாவது குறை இருக்காது என்று எண்ணக் கூடாது” என்றார் ஆசிரியர்.

ஆய்வகத்திலிருந்து 192.168.20.1 அழைக்கப்பட்டது, மறுமொழி வந்தது. தன் வாயில்வரை வழி உண்டு. அடுத்து, திசைவியின் மறுபக்க வாயிலான 192.168.10.1 அழைக்கப்பட்டது, அதற்கும் மறுமொழி வந்தது. திசைவிக்கு இரு தெருக்களும் தெரியும் என்பது உறுதியாயிற்று. மூன்றாவதாக 192.168.10.25 அழைக்கப்பட்டது, மறுமொழி இல்லை.

திசைவியில் காவல் விதிகள் உண்டு. ஆய்வகத்திலிருந்து அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் செல்ல அனுமதி இல்லை. சான்றிதழ்ப் படிகள் உள்ள அவ்வொரு கணினிக்கு மட்டுமே அனுமதி உண்டு. அவ்விதி பிழையாக எழுதப்பட்டுள்ளதோ என்னும் ஐயம் எழுந்தது. ஆசிரியர் விதிப் பட்டியலைத் திறந்தார். எத்தனை பொதிகள் அவ்விதியின்படி அனுமதிக்கப்பட்டன என்னும் எண்ணிக்கை அருகில் இருந்தது. மாணவர் அழைக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வெண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறியது. எனவே, பொதிகள் தடுக்கப்படவில்லை. திசைவியைக் கடந்து அலுவலகத்தை நோக்கிச் செல்கின்றன.

இந்நிலையில் அலுவலகப் பணியாளர் ஒருவர் வந்தார். “அந்தக் கணினியில் ஒன்றும் குறையில்லை ஐயா. நாங்கள் காலையிலிருந்து அதில்தான் வேலை செய்கிறோம்” என்றார். அவர் கூறியது உண்மை. அலுவலகக் கணினிகள் எல்லாம் அதனைத் தடையின்றித் திறந்தன.

திரும்பும் வழி இல்லை

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். போகும் பொதி போய்ச் சேர்கிறது. சேரும் கணினியும் நலமாக உள்ளது. பின் ஏன் மறுமொழி வரவில்லை?

அலுவலகக் கணினிகள் அதனுடன் பேசும்போது வாயில் தேவைப்படுவதில்லை. அவை ஒரே தெருவைச் சேர்ந்தவை. வேறு தெருவிலிருந்து ஒருவர் அழைத்தால்தான் மறுமொழி தருவதற்கு வாயில் வேண்டும். தன் வாயில் எது என்பது அக்கணினிக்குத் தெரியுமா?

ஆசிரியர் அலுவலகத்திற்குச் சென்று அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். வாயில் முகவரி 192.168.10.254 என்றிருந்தது. இடியால் பழுதான பழைய திசைவியின் முகவரி அது. புதிய திசைவியின் முகவரியோ 192.168.10.1. மற்றக் கணினிகள் காலையில் இயங்கத் தொடங்கியபோதே புதிய வாயில் முகவரியைத் தாமாகப் பெற்றுக்கொண்டன. இக்கணினிக்கு மட்டும் முகவரிகள் கையால் எழுதப்பட்டிருந்தன. எப்போதும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கையால் எழுதியதைக் கைதான் திருத்த வேண்டும்.

ஆய்வகத்தின் அழைப்பு அக்கணினியை முறையாக எட்டியது. அதுவும் முறையாக மறுமொழி எழுதியது. அதனை இல்லாத ஒரு வாயிலில் ஒப்படைக்க முயன்றது. மறுமொழி அங்கேயே மடிந்தது. கேட்டவர் தம் குரல் போகவில்லை என்று எண்ணினார். உண்மையில் போகாதது மறுமொழி.

அக்கணினியிலிருந்து யாரும் இணையத்தைப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் அதற்கு வெளியுலகத் தொடர்பே இல்லை என்பது காலையிலேயே தெரிந்திருக்கும். அலுவலகத்தார் அதனுடன் நேரே பேசியதால் குறை மறைந்து நின்றது. குறை தெரிந்தது ஆய்வகத்தில். குறை இருந்தது அலுவலகத்தில். தெரியும் இடமும் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

254 என்னும் எண் 1 எனத் திருத்தப்பட்டது. ஆய்வகத்தில் மறுமொழி வந்தது; சான்றிதழ்ப் படிகள் திறந்தன. நான்கே கால் மணிக்கு முதல் விண்ணப்பம் நிறைவுற்றது. ஐந்து மணிக்குள் எல்லாரும் அனுப்பிவிட்டனர். சுவர் அப்படியே இருந்தது.

நோயை நாடுதல்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரம் மருத்துவருக்கு ஒரு நெறியைக் கூறுகிறது. நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, அதன்பின் பிழையாமல் செய்ய வேண்டும் என்பது அந்நெறி. செயல் இறுதியில்தான் வருகிறது என்பது கருதத்தக்கது. அதற்கு முன் மூன்று ஆராய்தல்கள் உள்ளன.

ஆய்வகத்தில் நிகழ்ந்ததும் அதுவே. திருத்திய எண்கள் இரண்டு. ஒன்று சேர்க்கப்பட்டது, ஒன்று மாற்றப்பட்டது. அதற்குச் சில நொடிகளே ஆயின. எதைத் திருத்துவது என்று கண்டறியவே நேரம் தேவைப்பட்டது. ஆராயாமல் கைக்கு வந்ததை எல்லாம் மாற்றியிருந்தால் பழைய குறையோடு புதிய குறைகளும் சேர்ந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதும் சோதிக்க வேண்டும். பயன் இல்லையெனில் பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும். அப்போதுதான் எது மருந்தாயிற்று என்பது தெரியும்.

வேலை முடிந்தபின் ஆசிரியர் இன்னொன்றும் செய்தார். எந்தக் கருவி மாற்றப்பட்டது, எந்த எண் விடுபட்டது, எந்த முகவரி திருத்தப்பட்டது, கையால் முகவரி எழுதப்பட்ட கணினிகள் எவை என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் மாணவரைக் கொண்டே எழுதச் செய்தார். அடுத்த இடி விழும்போது அவர் அப்பள்ளியில் இல்லாமல் போகலாம், குறிப்பேடு இருக்கும்.

நம் ஊரும் இத்துறையும்

இத்தகைய அறிவு பெருநகரங்களுக்கே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் தொடக்கப் பணியே வலையமைப்புகளை மேலாண்மை செய்வதற்கான மென்பொருள் உருவாக்கம்தான். 2009இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அதன் ஒரு பிரிவான மேனேஜ்எஞ்சின், வலையமைப்புகளைக் கண்காணித்துக் குறைகளை அறிவிக்கும் மென்பொருள்களை உலகிற்கு வழங்குகிறது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் தென்காசிப் பகுதிக்குக் குடியேறினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பள்ளிக் கல்வியை முடித்த மாணவர்களுக்குப் பயிற்சியளித்துப் பணியில் சேர்த்துக்கொள்ளும் முறையையும் அந்நிறுவனம் நடத்திவருகிறது.

கண்காணிக்கும் மென்பொருள் எந்த விளக்கு அணைந்தது என்பதைக் காட்டும். ஏன் அணைந்தது என்று வரிசையாக வினவி அறிவது மனிதரின் வேலையாகவே இருக்கிறது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பொறுமையும் வரிசையும் போதும்.

ஒருவர் நம் அழைப்புக்கு விடை தரவில்லை என்றால், அவர் கேட்கவில்லை என்றோ விரும்பவில்லை என்றோ விரைந்து முடிவுகட்டிவிடுகிறோம். அவர் சொன்ன விடை நம்மை வந்தடைய வழி இருந்ததா என்று பார்ப்பதில்லை. கேள்விக்கு வழி அமைப்பது பாதி வேலை. மறுமொழிக்கும் வழி அமைப்பதே முழு வேலை.

கலைச்சொல் அறிவோம்

திசைவி – வெவ்வேறு வலையமைப்புகளுக்கு இடையே பொதிகளை வழிநடத்தும் கருவி.
பொதி – வலையமைப்பில் பயணம் செய்யும் தகவலின் சிறு கூறு.
வாயில் முகவரி – பிற பிரிவுகளுக்குச் செல்லும் பொதிகளை ஒப்படைக்க வேண்டிய திசைவியின் முகவரி.
டிரங்க் – பல பிரிவுகளின் பொதிகளை அடையாள எண்களுடன் சுமந்து செல்லும் இணைப்பு.
வழித்தட அட்டவணை – எந்தப் பிரிவுக்கு எவ்வழி என்று திசைவி வைத்திருக்கும் பட்டியல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தின் இணைப்புகளைக் கணினி ஆசிரியரின் துணையுடன் படமாக வரைந்து, கருவிகளின் பெயர்களைத் தமிழில் குறிக்க.
2. உங்கள் ஊரில் குளத்து நீர் வயல்களுக்குப் பகிரப்படும் முறையை மூத்தோரிடம் கேட்டறிந்து, அதனை வலையமைப்போடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாற்றுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஆய்வகக் கணினியின் முகவரி 169.254 எனத் தொடங்கியது உணர்த்துவது
அ) கணினி பழுதடைந்தது ஆ) கணினிக்கு முகவரி வழங்கப்படவில்லை இ) இணையக் கட்டணம் முடிந்தது ஈ) காவல் விதி தடுத்தது

2. பொருத்துக.
அ) பிங் – 1. 1998
ஆ) டிரேஸ்ரூட் – 2. 1983
இ) 802.1கியூ – 3. 1987

குறுவினா

1. மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு என்பது யாது?
2. ‘கையால் எழுதியதைக் கைதான் திருத்த வேண்டும்’ – இடஞ்சுட்டி விளக்குக.

சிறுவினா

1. அலுவலகத்திலும் நூலகத்திலும் இணையம் வந்தது என்னும் செய்தியால் எவ்வெக் காரணங்கள் விலக்கப்பட்டன?
2. அலுவலகப் பணியாளரின் கூற்று உண்மையாக இருந்தும் குறை எவ்வாறு மறைந்து நின்றது?

நெடுவினா

1. ஆய்வகத்தை அலுவலகப் பிரிவிலேயே சேர்த்துவிடலாம் என்னும் யோசனையை ஆசிரியர் மறுத்தது சரியா? விண்ணப்பத்தின் இறுதி நாள் என்பதையும் சான்றிதழ்களின் பாதுகாப்பையும் சீர்தூக்கி உம் கருத்தைக் கட்டுரையாக வரைக.